விரல் போன பிரஸ்ஸைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், பிரிட்டனின் மூத்த ராக் இசைக்கலைஞர் டோனி ஐயோமி தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவர் கிட்டார் வாசித்த பிளாக் சபாத் குழுவைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் வந்திருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். எழுதியவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஆனால் இளம் வயதில் ஒரு விபத்தில் வலது கை விரல்களை இழந்தும் தன்னம்பிக்கையால் சாதித்தார் என்று ஒரே வரியில் அந்தக் கட்டுரை தாண்டிப் போய்விட்டது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பிரஸ் என்றால் தகட்டை அமுக்கி வெட்டி வளைக்கிற மிஷின்; அதற்கு டை, பஞ்ச் என்கிற அச்சுகள் செய்வதும், அதை மிஷினில் ஏற்றி செட் பண்ணிக் கொடுப்பதும், மழுங்கினால் இறக்கித் தீட்டுவதும்தான் முப்பது வருடத்துக்கு மேல் என் பிழைப்பு. ராக் இசை எனக்கு என் மகன் வழியாக வந்தது. அவன் அறையில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொல்லப் போன நான், நின்று கேட்டுவிட்டு வந்தேன். கனமான ஒன்று மேலிருந்து இறங்கி, நின்று, மறுபடி இறங்குகிற அந்த நிதானம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. வாசிக்கிறவர் தகட்டுப் பட்டறையில் விரலைக் கொடுத்தவர் என்று மகன் அப்புறம்தான் சொன்னான். அன்றிலிருந்து ஐயோமி பேசியது, எழுதியது எது கிடைத்தாலும் மகனைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவருகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஐயோமி இடது கைக்காரர். கட்டுரையில் அது வரவில்லை. வலது கை விரல் என்று மட்டும் சொன்னால், படிக்கிறவர்கள் கிட்டாரை மீட்டுகிற கை என்று நினைத்துக்கொள்வார்கள். மீட்டுகிற கையில் நடுவிரலும் மோதிர விரலும் கொஞ்சம் குறைந்தால் சமாளிக்க வழி உண்டு. கம்பியை மீட்டுகிற பிளெக்ட்ரம் என்ற சின்னத் தகட்டைப் பிடிக்கக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போதும். இவர் இடது கையால் மீட்டி, வலது கை விரல்களால் கம்பியை அழுத்துகிறவர். போனது அழுத்துகிற கையில் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும். எஃகுக் கம்பியை, கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டையின் மேல் அமுக்கிப் பிடிக்க வேண்டிய இடத்திலேயே எலும்பு வெளியே தெரிந்தது. இதைச் சொல்லாமல் விட்டால், அதற்கப்புறம் அவர் செய்தது எதுவும் புரியாது.

நடந்ததை 2011இல் வெளியான தன் சுயசரிதையிலும் பல பேட்டிகளிலும் அவரே விவரமாகச் சொல்லியிருக்கிறார். 1948 பிப்ரவரி 19இல் பர்மிங்காமில் பிறந்தவர். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம், ஒரே பிள்ளை. 1965இல், பதினேழு வயதில், தகட்டுப் பட்டறையில் வெல்டிங் வேலை. ஐரோப்பாவில் கச்சேரி செய்யப் போகும் ஒரு குழுவில் கிட்டார் வாசிக்க இடம் கிடைத்து, வேலையை விட்டு நிற்பதாகச் சொல்லிவிட்டார். கடைசி நாள் அது. தகட்டை வளைத்து இவருக்கு அனுப்புகிற பிரஸ் ஆள் அன்றைக்கு வரவில்லை. வெல்டிங் பண்ண இவருக்கும் வேலை இல்லை. போய் அந்த மிஷினில் உட்கார் என்றார்கள். அதுவரை அவர் அந்த மிஷினைத் தொட்டதில்லை. காலையில் ஒன்றும் ஆகவில்லை. மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனவர், திரும்பிப் போகப்போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னார். ஏற்றுக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். சாயங்காலத்துக்குள் விரல் போய்விட்டது.

அந்த மிஷினின் கால் பெடல் ஆடிக்கொண்டிருந்தது என்று ஐயோமி சொல்கிறார். உங்கள் கட்டுரையாளருக்கு இது சின்ன விவரமாகத் தெரிந்திருக்கலாம். பிரஸ் ஷாப்பில் நின்றவனுக்கு முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது. பெடல் ஆடினால், மிஷின் எப்போது இறங்கும் என்பது மிதிக்கிறவன் கையில் இல்லை. எங்கள் காலத்துப் பழைய பிரஸ்களில் கீ கிளட்ச் இருக்கும். ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் சாவி விழுந்து ஃப்ளைவீலோடு ஷாஃப்ட் மாட்டிக்கொள்ளும். மேலிருந்து அடிக்கிற ராம் இறங்கி, ஏறி, ஒரு முழுச்சுற்று முடித்துத்தான் நிற்கும். ஐயோ என்று காலை எடுத்தாலும் நிற்காது. சாவி தேய்ந்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, ஒரு தடவை மிதித்ததற்கு இரண்டு தடவை இறங்கும். முதல் ஸ்ட்ரோக் முடிந்தது என்று பீஸை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும், ராம் மறுபடி வரும்.

ஐயோமியின் கையில் பிரஸ் இறங்கியதும் அவர் வெடுக்கென்று கையை இழுத்திருக்கிறார். இழுத்த வேகத்தில் நுனிகள் அங்கேயே தங்கிவிட்டன. பிற்பாடு பட்டறையிலிருந்து அந்தத் துண்டுகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்களாம். கறுத்துப் போயிருந்தன, திரும்ப வைத்துத் தைக்க முடியவில்லை. கிட்டாரை மறந்துவிடு என்றார்கள் டாக்டர்கள்.

அதே 1965இல்தான் பிரிட்டனில் பவர் பிரஸ்களுக்கென்று தனியாக விதிமுறைகள் போட்டார்கள். பிரஸ்ஸின் பாதுகாப்புச் சாதனத்தை ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் நான்கு மணி நேரத்துக்குள், அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்த விதிகளில் முக்கியமானது. அதற்கு முன்பே, 1961ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில், ஆபத்தான மிஷின்களில் பதினெட்டு வயது நிறையாதவர்களை உட்கார வைக்க வேண்டுமானால் ஆபத்தை முழுமையாக எடுத்துச் சொல்லி, போதிய பயிற்சியோ விவரம் தெரிந்தவரின் மேற்பார்வையோ கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். நம் 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதையேதான் சொன்னது. பவர் பிரஸ்ஸும் தகடு வெட்டுகிற கில்லட்டினும் அந்த ஆபத்தான மிஷின் பட்டியலில் உண்டு. ஆள் வரவில்லை, நீ போய் உட்கார் என்று பதினேழு வயதுப் பையனிடம் சொல்வதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஆனால் எல்லாப் பட்டறையிலும் காதில் விழுகிற வார்த்தை அதுதான்.

இனி உங்கள் கட்டுரை சொல்லும் தன்னம்பிக்கைக்கு வருகிறேன். ஐயோமி வீட்டில் கட்டுப் போட்ட கையோடு முடங்கிக் கிடந்தார். அப்போது பட்டறை மேனேஜர் ஒரு இசைத்தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்தார். இதைப் போட்டுக் கேள் என்றார். மனசே சரியில்லை, வேண்டாம் என்றார் ஐயோமி. மேனேஜர் விடவில்லை. பேசிப் பேசிக் கேட்கவைத்த பிறகுதான், இதில் வாசிப்பவருக்கு இரண்டு விரல்தான் வேலை செய்யும் என்று சொன்னார். அந்த இசைத்தட்டில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். பாரிஸ் பக்கம் வண்டி வீடுகளில் வாழ்ந்த ஜிப்ஸி சமூகத்தைச் சேர்ந்தவர். 1928இல் வண்டிக்குள் மெழுகுவர்த்தி விழுந்து, விற்பதற்காக மனைவி செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் தீப்பிடித்தது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருண்டுபோயின. மீதி இரண்டு விரலை வைத்துக்கொண்டு அவர் வாசித்த வேகத்தை இன்றைக்கும் பத்து விரல்காரர்கள் பிடிக்கத் திணறுகிறார்கள்.

அந்த மேனேஜரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவர் பாட்டுக்காரர் இல்லை. அவர் பொறுப்பில் இருந்த பட்டறையில்தான் பையனுக்கு விரல் போனது. பேப்பரை நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பையன் கிட்டார் வாசிப்பான் என்று தெரிந்து வைத்திருந்தார், யாருடைய தட்டைக் கொண்டுபோக வேண்டும் என்று யோசித்தார், வீடு தேடிப் போனார், வேண்டாம் என்றபோதும் உட்கார்ந்திருந்தார். ஐயோமிக்குள் தன்னம்பிக்கை எங்கிருந்தோ பொங்கி வந்துவிடவில்லை. ஒரு மனிதர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். இதை உங்கள் கட்டுரையில் நான்கு வரி எழுதியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அதற்கப்புறம் ஐயோமி செய்ததெல்லாம் டூல் ரூம் வேலை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவ பாட்டில் ஒன்றை எடுத்தார். பிளாஸ்டிக்கை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் ராடால் அதில் விரல் நுழைகிற அளவு குழி பண்ணினார். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். தவில் வித்வான்கள் வலது கை விரல்களில் மாட்டிக்கொள்கிற கூடு மாதிரி ஒன்று. தவில் கூடு கெட்டியாக இருந்தால்தான் நாதம் வரும். இவருக்கு அது உதவாது. வெறும் பிளாஸ்டிக் கம்பியின் மேல் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு நறுக்கி மேலே ஒட்டினார். தோல் தடித்தால் கம்பி பிடிபடாது, மெலிந்தால் கிழிந்து உள்ளே ரணமான நுனியில் குத்தும். அந்த நடுவான கனத்துக்கு வர எத்தனை துண்டு வீணாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். டையில் பஞ்சுக்கு இடைவெளி வைக்கிறபோது நூலளவு தப்பினாலும் தகட்டில் பிசிறு நிற்கும். கழற்றி, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, மாட்டி, ஒரு பீஸ் அடித்துப் பார்த்து, மறுபடி கழற்றுவோம். அவரும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

கூடு ஒட்டினாலும் அந்த இரண்டு விரலுக்கும் கம்பியைத் தொடுகிற உணர்ச்சி கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோம், கம்பி எங்கே இருக்கிறது என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கடையில் கிடைத்த கிட்டார் கம்பிகளோ தடித்தவை. இவர் பாஞ்சோவுக்குப் போடும் மெல்லிய கம்பிகளை வாங்கி மேல் சுருதிக்குப் போட்டு, கிட்டார் கம்பிகளை ஒவ்வொரு இடமாகக் கீழே தள்ளினார். ஃப்ரெட்களை அரத்தால் ராவித் தாழ்த்தினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் கிட்டாரின் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கிவிட்டார். ஒரே கம்பியில் சுருதியை இறக்கினால், அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்றபடி இழுவிசை குறையும். மூன்று அரைச்சுரம் இறங்கும்போது கிட்டத்தட்ட 30 சதவீதம் இழுவிசை போய்விடும். விரலுக்கு வலி குறைந்தது, கேட்கிறவர்களுக்குச் சத்தம் கனத்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஹெவி மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கி வாசிக்கிறார்கள் என்றால், அந்தப் பாதையில் முதலில் நடந்த பெரிய பெயர் இவர்தான்.

இன்னொன்றும் உண்டு. நான்கு விரலும் வேண்டிய, பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கிற பெரிய சுரக்கட்டுகள் சில இவருக்குக் கைக்கு வரவில்லை. அதனால் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த இரண்டு சுரங்களின் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, அதைத் தடிமனாக்கி வாசித்தார். ச, ப மட்டும் ஒலித்து நடுவில் காந்தாரம் இல்லாதபோது அது சந்தோஷமா, துக்கமா என்று சொல்ல முடியாத ஒரு கனம் வரும். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்த முதல் பாட்டில் ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம் என்று மூன்றே சுரம். நம் ஊரில் பிரதி மத்திமத்தைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டார்கள். அங்கே மழைச் சத்தத்துக்கும் மணிச் சத்தத்துக்கும் பிறகு அது அவ்வளவு நிதானமாக வரும்போது, கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது.

குழுவில் மற்ற மூன்று பேரும் பர்மிங்காமின் ஆஸ்டன் வட்டாரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், பேஸ் வாசித்த கீசர் பட்லர், டிரம்ஸ் வாசித்த பில் வார்ட். ஆஸியின் அம்மா கார் பாகங்கள் செய்கிற லூகாஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆஸியும் அங்கே கார் ஹாரன்களுக்குச் சத்தம் சரிபார்க்கிற வேலையில் கொஞ்ச காலம் இருந்தார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் படித்தால் புன்னகை வரும். அதே பர்மிங்காம் லூகாஸ் 1961இல் டிவிஎஸ்ஸோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் பாடி என்ற இடத்தில் கம்பெனி தொடங்கியது. நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை, ஆனால் தினமும் பஸ்ஸில் அந்த லூகாஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் ஷிப்டுக்குப் போவேன்.

ஆஸியின் அப்பா டூல் மேக்கர், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ராத்திரி ஷிப்ட். குழுவினர் கழுத்தில் தொங்கவிட்டிருந்த சிலுவைகளை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பார்கள். பேய்க் குழு, சாத்தான் குழு என்று ஊர் பேசியபோது, பையன்களுக்குக் கெடுதல் எதுவும் வரக்கூடாதென்று அலுமினியத்தில் அந்தச் சிலுவைகளை வெட்டி, தேய்த்துச் செய்து கொடுத்தவர் அவர்தான். முதல் மைக், ஸ்பீக்கர் வாங்கக் கடன் எடுத்துக் கொடுத்தவரும் அவர். ராத்திரி ஷிப்ட் பார்க்கிற டூல் மேக்கர் ஒருவர் மகனுக்காகக் கடன் வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

தொழில் பற்று என்று உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை வந்தது. அதற்கும் ஒரு விவரம் உண்டு. 1968 கடைசியில் ஐயோமி கொஞ்ச நாள் ஜெத்ரோ டல் குழுவில் போய்ச் சேர்ந்தார். அங்கே காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை என்றால் ஒன்பது மணிதான். அந்தப் பெரிய குழுவில் அவருக்கு மனம் ஒட்டவில்லை, திரும்பித் தன் பையன்களிடமே வந்துவிட்டார். ஆனால் அந்த ஒன்பது மணியைக் கூடவே கொண்டுவந்தார். தினமும் காலையில் எல்லோரையும் எழுப்பி ஒத்திகைக்கு இழுத்துப் போனார். அதன் பலன், 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் முதல் ஆல்பத்தை வாசித்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13இல் அது வெளிவந்தது. அதே வருடம் செப்டம்பரில் வந்த இரண்டாவது ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

பணம், போதை, மேனேஜர்கள் ஏமாற்றியது, ஆஸியை 1979இல் வெளியே அனுப்பியது, அவருக்குப் பதில் பாட ரோனி ஜேம்ஸ் டியோ வந்தது எல்லாம் உங்கள் கட்டுரையிலேயே விரிவாக இருக்கிறது. எத்தனையோ பேர் வந்து போனாலும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை குழுவில் இருந்தவர் ஐயோமி ஒருவர்தான் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2012 ஜனவரியில் அவருக்கு லிம்ஃபோமா புற்றுநோய் என்று தெரிவித்தார்கள். சிகிச்சைக்கு இடையே ஆல்பம் வாசித்தார், சிகிச்சைத் தேதிகளைப் பார்த்துக் கச்சேரித் தேதி குறித்தார்கள். 2013இல் வந்த அந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது, 1970க்குப் பிறகு 43 வருடம் கழித்து. இதையும் யாராவது தன்னம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கூடவே வேலை செய்தவர்கள் தங்கள் வசதியை மாற்றிக்கொண்டதால்தான் அது முடிந்தது.

இப்போது எங்கள் ஷாப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனி பெயர் வேண்டாம். 63 டன் பிரஸ்ஸில் ஒரு தம்பி இருந்தான். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவன். சனிக்கிழமை சாயங்காலம் பஜனைக் கோஷ்டியில் டோலக் வாசிப்பான். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் மூடியில் அவன் தட்டுவதைக் கேட்க நாங்கள் சுற்றி உட்காருவோம். அந்த பிரஸ்ஸுக்கு முன்பக்கம், கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பிவலை கார்டு ஒன்று நான் இருந்த டூல் ரூமில்தான் செய்து மாட்டினோம். கார்டு இருந்தால் பீஸ் போட்டு எடுக்க நேரமாகிறது, டார்கெட் வரவில்லை என்று அதைக் கழற்றி வைத்தார்கள். சாவி தேய்ந்து இரட்டை ஸ்ட்ரோக் அடிக்கிறது என்று டூல் ரூமிலிருந்து எழுதிக் கொடுத்தோம். மாதக் கடைசி, டெஸ்பாட்ச் முடியட்டும் என்றார்கள். நடுவிரலும் மோதிர விரலும், ஐயோமிக்குப் போன அதே இரண்டு விரல், அவனுக்கு முதல் கணு வரை போனது.

அன்றைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் விரல்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. நடுவிரலில் ஒரு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 7 சதவீத இழப்பு. மோதிர விரலில் ஒரு கணு 5 சதவீதம். எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் துண்டானால் நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 2. தம்பிக்கு 12 சதவீதம் என்று எழுதினார்கள். சட்டம் அவ்வளவுதான் பார்க்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் டோலக்கைத் தொடவில்லை. டோலக் எந்த சதவீதத்திலும் வராது. கொஞ்ச நாள் கேட்டில் உட்கார வைத்தார்கள். அப்புறம் ஊருக்குப் போய்விட்டான். கையில் ஒரு இசைத்தட்டோடு அவன் வீட்டுக்குப் போகிறவர் எங்கள் ஷாப்பில் யாரும் இல்லை.

ஐயோமியின் கதையைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இவன் ஞாபகம் வருவதால்தான், விரல் போனதால்தான் அந்த இசை பிறந்தது, எல்லாம் நன்மைக்கே என்கிற மாதிரி எழுதுவதை ஏற்க முடியவில்லை. அந்த இசை பிறந்தது ஐயோமியின் கையாலும் காதாலும். பிரஸ் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, எடுத்தது. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் அந்தக் கூட்டை மாட்டி, கழன்றுவிடாமல் இருக்கிறதா என்று பார்த்து, உணர்ச்சியில்லாத விரலால் ஐம்பது வருடத்துக்கு மேல் வாசித்த மனிதர் அவர்.

2025 ஜூலை 5இல் ஆஸ்டன் வில்லா மைதானத்தில் நடந்த கடைசி நிகழ்ச்சியை மகன் போட்டுக் காட்டினான். ஆஸி வளர்ந்த தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்த மைதானம். நாற்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். குழுவைத் தொடங்கிய நான்கு பேரும் இருபது வருடம் கழித்து ஒன்றாக ஏறினார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். வருமானம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும், பர்மிங்காமின் குழந்தைகள் மருத்துவமனைக்கும், தீராத நோயுள்ள குழந்தைகளுக்கான காப்பகத்துக்கும் என்று அறிவித்திருந்தார்கள். கேமரா ஐயோமியின் பக்கம் போனபோதெல்லாம் நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். நடுவிரலிலும் மோதிர விரலிலும் வெளிறிய கூடு தெரிந்தது. பதினேழு நாள் கழித்து ஆஸி இறந்துபோனார்.

ஐயா, உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் பத்திரிகை அம்பத்தூர், ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், கோவை, ஓசூர் எல்லாப் பக்கமும் கம்பெனி கேன்டீன்களிலும் டீக்கடைகளிலும் கிடக்கிறது. ஐயோமி கட்டுரைக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக் கொடுங்கள். பிரஸ்ஸில் வேலை செய்கிற பிள்ளைகள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எழுதுங்கள். கீ கிளட்ச் மிஷின் என்றால் கை நுழையாத மூடிய கார்டு மாட்டியிருக்க வேண்டும். ஃப்ரிக்‌ஷன் கிளட்ச், அதாவது நடுவிலேயே நிறுத்த முடிகிற மிஷின் என்றால் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால் மட்டும் ஓடுகிற பட்டன்களோ, கை குறுக்கே போனால் ராமை நிறுத்துகிற ஒளித்திரையோ இருக்க வேண்டும். பெடலுக்கு மேல் மூடி வேண்டும், எதுவும் தவறி விழுந்து அமுக்கிவிடாதபடி. சின்ன பீஸை எடுக்க விரல் போகக்கூடாது, இடுக்கியோ காந்தக் குச்சியோ வேண்டும். டையை மாற்றும்போது ராமுக்குக் கீழே முட்டுக்கட்டை வைத்தாக வேண்டும். இரட்டை ஸ்ட்ரோக் ஒரு தடவை வந்தாலும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துவிட வேண்டும். இதைச் சொன்னதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பக்கூடாது என்றும் எழுதுங்கள், முதலாளிகளும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை, ஆள் வரவில்லை என்பதற்காகத் தெரியாத மிஷினில் உட்கார வைக்கிற பழக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அதற்கு ஐயோமியின் கடைசி நாள் வேலையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இளைஞர்கள் அவர் பெயருக்காகவே படிப்பார்கள்.

பிரஸ்ஸின் படமும் கார்டு எங்கே எப்படி வரும் என்ற படமும் தேவைப்பட்டால் நானே அளவோடு வரைந்து அனுப்புகிறேன். டூல் ரூமில் போட்ட படங்கள் மாதிரியே, யார் பார்த்தாலும் புரிகிற மாதிரி இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல் ரூம் தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை.